வெள்ளிப் பாத்திரத்துப் பெயர்

கல்யாண வீட்டில் சீர்வரிசையாகப் பரப்பியிருந்த வெள்ளிப் பாத்திரங்களை மாப்பிள்ளையின் தாய் உமையாள் ஆச்சி ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, பெண்ணின் தகப்பனார் வயிரவனுக்கு முகம் இறுகியது.

"என்ன சந்தேகம் வந்துருச்சு இவுகளுக்கு? நம்ம மானம் என்னாகுறது!"

"மெதுவாப் பேசுங்க. சம்பந்தி காதுல விழுந்திரப் போகுது," என்றாள் மனைவி கண்ணம்மை.

வயிரவன் விறைப்பாகப் போய் நின்றார். "ஆச்சி, வெள்ளியில குறை எதுவும் கண்டீகளா?"

"குறையா? நல்லாக் கேட்டீக போங்க!" என்று சிரித்த ஆச்சி, கடைசிக் குடத்தையும் திருப்பி வைத்தார்.

அதற்குள் வீடியோக்காரர் விளக்கோடு வந்துவிட்டார். "பேர் வெட்டின பக்கத்தை இங்குட்டுத் திருப்புங்க ஆச்சி. படத்துல தெரியட்டும்."

அப்போதுதான் வயிரவனுக்கு உறைத்தது. அத்தனையிலும் வெட்டியிருந்தது பங்காளி வீட்டுப் பெயர். நொடித்துப்போன வயிரவன் ஊர் பார்க்க இரவல் வாங்கிப் பரப்பிய வெள்ளி அது. அவசரத்தில் பெயரை மறைக்க மறந்திருந்தார். இப்போது எல்லாப் பெயரும் சுவரைப் பார்த்திருந்தன.

"எங்க வீட்டுக்கு வர்ற சீரை எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியாதா? இப்படியே எடுப்பா!" என்றார் ஆச்சி.

எவருக்காகவும் வயிரவனின் தோளை விட்டு இறங்காத துண்டு, ஆச்சி கடந்துபோகையில் கைக்கு இறங்கியது.