முழுக்கைச் சட்டை

"மிஸ்யே லுசியான், வேண்டாம்!"

தாண்டவன் கத்தி முடிப்பதற்குள் அவனுடைய வலது சட்டைக்கை முழங்கைக்கு மேலே துண்டாகிக் கீழே விழுந்தது.

வெட்டியவர் ஃபோர்மேன் லுசியான்; பட்டறையில் எல்லாருக்கும் அவர் 'மிஸ்யே', அதாவது ஐயா. தகரம் வெட்டுகிற கத்தரி அவர் கையில்.

"அந்தக் கையையும் நீட்டு. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டைன்னு போனா ஊரே சிரிக்கும்."

அதுவும் போயிற்று.

ஐம்பத்தாறாம் வருஷம். தமிழர்கள் குடியேறிய ஒரு கரும்புத் தீவில், பெல் ஒம்ப்ர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலைப் பட்டறை. அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு மின்சாரச் சாணை. அதை யார் தொட்டாலும் லுசியான் வந்து நிற்பார். "கண்ணாடி போட்டியா? கல்லுக்கு நேரா நிக்காதே, ஓரமா நில்லு!"

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. தாண்டவன் மத்தியானம் ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். புது வெள்ளைச் சட்டையோடுதான் வேலைக்கே வந்திருந்தான். கிளம்பும் நேரத்தில் ஓர் உளி தீட்ட மிச்சம்.

"கையை மடிச்சு விடு," என்றார் லுசியான்.

"கசங்கிடும் மிஸ்யே. ஒரு நிமிஷ வேலைதானே?"

"மடி."

மடித்தான். அவர் தலை மறைந்ததும் பிரித்துவிட்டுச் சுவிட்சைப் போட்டான். கல் கிர்ரென்று சுற்ற, ஒரு விரல்கடை தூரத்தில் சட்டைக்கை ஆடியது.

லுசியான் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். கல் சுற்றி ஓய்ந்த பிறகுதான் கத்தரியை எடுத்தார்.

"அநியாயம்டா!" கொதித்தான் பக்கத்து மேஜை ஆந்த்ரே. "பொண்ணு பார்க்கப் போறவன் சட்டையையா வெட்டுறது? அவர் மிஷினை நிறுத்தினார். திங்கட்கிழமை சங்கத்துல சொல்லி நாம பட்டறையையே நிறுத்துவோம்!"

"கண்டிப்பா!" என்றான் தாண்டவன். கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸில், பெண் பார்க்கக் கூட வந்த பாக்கியம் அத்தை வழியெல்லாம் புலம்பிக்கொண்டே, தொங்கிய நூலையெல்லாம் உள்ளே மடித்து ஊசி குத்தினாள்.

பெண் வீட்டில் அலமேலு தேநீர் கொண்டு வந்தாள். சட்டையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

அவளுடைய அப்பா அவன் கைகளையே உற்றுப் பார்த்தார். "சட்டை புதுசு மாதிரி இருக்கே தம்பி?"

பொய் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

"எங்க ஃபோர்மேன் வெட்டிட்டார் மாமா. சாணைகிட்ட கையை மடிக்கச் சொன்னார். நான் ஏமாத்தினேன்."

"யாரு, லுசியானா?"

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"போன வாரம் உன்னைப் பத்தி அவர்கிட்டதான் விசாரிச்சேன். 'தங்கமான பையன், சாணைகிட்ட மட்டும் கொஞ்சம் அவசரக்காரன்'னார். பயந்து போய், இந்த இடமே வேணாம்னு எழுந்துட்டேன். விடலையே மனுஷன்! பிடிச்சு உட்கார வெச்சு, 'பொண்ணைத் தைரியமா கொடுங்க. மாப்பிள்ளையை ரெண்டு முழுக் கையோட அனுப்பி வைக்க வேண்டியது என் பொறுப்பு'ன்னார்!"