கைபிரேக்கும் வழியோரக் கல்லும்

இன்னாசி ஒரு பழைய வேனைத் தன் கையாலேயே வீடாக்கி, மனைவி ரீட்டாவோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் கைபிரேக்குக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். நிறுத்துகிற இடத்திலெல்லாம் இன்னாசி வழியோரக் கல் ஒன்றை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார்.

"நான் ஒருத்தன் பிடிச்சிட்டு நிக்கிறேன், இந்தக் கல்லு எதுக்காம்?" என்று கைபிரேக் முனகும்.

ஒருநாள் காலை மலைச்சரிவில் நிறுத்தினார்கள். முந்தின நாள்தான் இன்னாசி கைபிரேக் கேபிளைச் சரிசெய்திருந்தார். கடைசி நட்டை இறுக்க மறந்துவிட்டார். உள்ளே ரீட்டா அடுப்பில் பால் வைத்த நேரம், கேபிள் தளர்ந்தது. கைபிரேக் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துப் பார்த்தது; முடியவில்லை. வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் பள்ளம்.

அரை அடியில் வண்டி நின்றுவிட்டது.

"பதறாதேப்பா, நான் இருக்கேன்," என்றது சக்கரத்தடிக் கல். "அம்மா டீ போட்டு முடிக்கட்டும்."

வண்டி குலுங்கியதில் திடுக்கிட்ட இன்னாசி, உடனே கியரில் போட்டுவிட்டு நட்டை இறுக்கினார். டீ குடித்தார்கள். கல்லை ஓரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு நன்றி சொல்ல கைபிரேக் வாயைத் திறப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

அதிலிருந்து எந்த ஊரில் எந்தக் கல்லை வைத்தாலும் கைபிரேக் கிறீச்சென்று குரல் கொடுக்கிறது.

"துரு பிடிச்சிருச்சு போல," என்று இன்னாசியும் எண்ணெய் விட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.