திரும்பி வந்த ஐந்து மார்க்

"திருட்டுப் பய! மாத்திட்டான்!"

கெர்லிண்டே போட்ட கூச்சலில் அவள் கணவன் ஹார்ட்முட்டின் காபி மேஜைவிரிப்பில் கொட்டியது. எம்டன் ஊரிலிருந்து பதிவுத் தபாலில் திரும்பி வந்த அட்டைப்பெட்டி, மேஜைமேல் வாயைப் பிளந்து கிடந்தது. அதிலிருந்த பழைய வெள்ளி ஐந்து மார்க் நாணயம் அவள் உள்ளங்கையில் பளபளத்தது.

"கழுகோட இடது இறக்கையைப் பாரு. அங்க ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். சின்ன வயசுல சாக்லேட் கையோட தொட்டு, அப்பாகிட்ட அறை வாங்கினேனே, அந்தப் புள்ளி. எங்க போச்சு?"

"தபால்ல உரசி அழிஞ்சிருக்கும்."

"என் கன்னத்துல விழுந்தது அழியல, அது அழிஞ்சிடுமா?"

கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் அப்பாவின் நாணயத்தை அவள் விற்றிருக்கவே மாட்டாள். அழுதுகொண்டேதான் இணைய ஏலத்தில் போட்டாள். 'அசல்' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் எழுதியதும் அவள்தான்.

முதலில் ஏலம் எடுத்தவன் பணம் கட்டாமல் காணாமல் போனான். அடுத்தவன், படம் மங்கல், விளிம்பு சரியில்லை என்று ஒரு வாரம் குடைந்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டான். ஏலத் தளத்துக்கு ஒரு பங்கு, காப்பீட்டுத் தபாலுக்கு ஒரு பங்கு என்று போக, கூரையில் நாலு ஓடு மாற்றவாவது மிஞ்சுமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

மூன்றாவதாக வந்தவர்தான் எம்டன்காரர் ஓல்ட்மன்ஸ். வாங்கிய கையோடு எழுதினார்: 'என்னிடம் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்களுடையது போலி. பணத்தைத் திருப்பித் தாருங்கள். மதிப்புடன்.' கழுத்தை நெரிக்கும்போதுகூட 'மதிப்புடன்' என்று முடிக்கிற மனிதர்.

பணம் திரும்பிப் போனது. நாணயத்தைத் திருப்பி அனுப்பும் தபால் செலவு யாருடையது என்பதில் தனியாக ஒரு யுத்தம் நடந்தது. 'தப்பு யாருடையதோ, தபால் செலவும் அவருடையது' என்று ஓல்ட்மன்ஸ் ஒற்றைக் காலில் நின்று, அதையும் கறந்துவிட்டார்.

ஹார்ட்முட் நாணயத்தை வாங்கிச் சின்னத் தராசில் வைத்தான். நாணயப் புத்தகத்தில் போட்டிருந்த எடையை, இம்மி பிசகாமல் காட்டியது. அவன் முகம் வெளுத்தது.

"எடை சரியா இருக்கு. நம்மளுதுதான். பெட்டியில வச்சுப் பூட்டு."

"சரியா இருந்தா ஏன் உனக்கு இப்படி வேர்க்குது? அந்த ஆளை நினைச்சாலே பயமா? அன்னிக்கே நம்ம ஊர் நாணயக் கடையில கொடுத்துத் தொலைச்சிருக்கலாம். நீதான் போயிட்டு வந்து, அவன் அடிமாட்டு விலைக்குக் கேக்கறான்னு சொன்னே."

"கேட்டான்," என்றான் ஹார்ட்முட், தரையைப் பார்த்தபடி.

கெர்லிண்டே தொலைபேசியை எடுத்தாள். மதிய ஓய்வு நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்று தெருவுக்கே வகுப்பெடுக்கிறவள், அந்த நேரத்திலேயே எண்களைக் குத்தினாள். கணவனும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை வேறு போட்டுவிட்டாள்.

"வேண்டாம், கெர்லிண்டே. சொன்னாக் கேளு."

"நீ வாயை மூடு. உன் மாமனார் நாணயம்னா உனக்கு இளக்காரம்."

"ஓல்ட்மன்ஸ்," என்றது தொலைபேசி. "இது மதிய ஓய்வு நேரம்."

"திருடனுக்கு என்ன ஓய்வு? எங்கப்பா நாணயத்தை வச்சுக்கிட்டு வேற ஏதோ குப்பையை அனுப்பியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"அம்மா, வார்த்தையை அளந்து பேசுங்க. உங்க குப்பையைத்தான் உங்களுக்கே அனுப்பினேன். போலியை வித்துட்டு என்னைத் திருடன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"எங்க நாணயத்துல இடது இறக்கையில கறுப்புப் புள்ளி இருக்கு. நீங்க அனுப்பினதுல இல்ல. போலீசுக்குப் போனா அவங்க வந்து உங்க வீட்டைக் குடைஞ்சு எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே உங்ககிட்ட இருக்கற நாணயத்தைப் பாருங்க!"

மறுமுனையில் "புள்ளியா? இருங்க, பாக்கறேன்," என்ற முனகல். நாற்காலி நகர்ந்தது. இழுப்பறை ஒன்று கிறீச்சிட்டது.

ஹார்ட்முட் தொலைபேசியின்மேல் பாய்ந்தான். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி ஓடினாள்.

"கட் பண்ணு! அந்த ஆள் பாக்கறதுக்குள்ள கட் பண்ணு!"

"ஏன்? நாம என்ன திருடினோமா?"

"உங்கப்பாவோடதுதான் போலி, கெர்லிண்டே!" அவன் குரல் உடைந்தது. "கடைக்காரன் பாத்ததும் சிரிச்சுட்டான். ஈயக் கலவைன்னு தூக்கிப் போட்டான். அவரை நீ சாமியா நினைச்சுக்கிட்டு இருக்கே, உன்கிட்ட எந்த வாயால சொல்றது? இப்ப வந்திருக்கறது அந்த ஆளோட அசல். பேசாம வச்சுக்கிட்டா கூரை போட்டுடலாம்."

கெர்லிண்டே தராசில் கிடந்த நாணயத்தையே பார்த்தாள். கை தானாகக் கன்னத்தைத் தடவியது.

அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்த தொலைபேசி மெதுவாகக் கனைத்தது.

"அசலை அனுப்பிடுங்க, அம்மா. மாத்தி வச்சது நான்தான், தபால் செலவு என்னோடது."