பத்து வருஷ உதவி

"பத்து வருஷம் உதவி வாங்கியிருக்கீங்க. பத்தாவது பாஸ் பண்ணீங்களா?"

"கணக்குல கோட்டை விட்டுட்டேன்க்கா," என்று சிரித்தாள் இஸ்திரிக் கடைக்காரி. கை மட்டும் நிற்கவில்லை. பெட்டி சட்டைக் காலரைச் சுற்றி வந்தது.

தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவள் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தாள். முகம் தெரியாத யாரோ மாதாமாதம் பணம் அனுப்பிப் படிக்கவைத்த ஏழைப் பிள்ளைகள், வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது அவள் வேலை.

"சொந்த வீடா?"

"வாடகை. முன்னால கடை, பின்னால ஒரு ரூம்."

"சேமிப்பு?"

"நீங்க வேற! வாய்க்கும் கைக்குமே சரியா இருக்கு."

உள்ளே யாரோ இருமினார்கள். "இதோ வந்துட்டேம்ப்பா!" என்று தண்ணீரோடு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் ரவிக்கைக் கையெல்லாம் ஈரம்.

"ஒரு வாய் குடிக்கவைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. சின்னக் குழந்தை கெட்டுது!"

வந்தவளுக்கு மனசு கனத்தது. படிப்பு இல்லை, வீடு இல்லை, போதாக்குறைக்குப் படுக்கையில் அப்பா வேறு.

"தப்பா நினைக்காதீங்க. அந்த உதவியால உங்களுக்கு என்னதான் பிரயோஜனம்?"

கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பணம் அனுப்பினவரு மாசம் தவறாம லெட்டரும் போடுவாருக்கா. 'பல் வலி போச்சா? மழையில நனையாதே'ன்னு. நான் ஃபெயிலானப்பகூட, 'போனா போகுது, சாப்பிட்டியா?'ன்னுதான் எழுதினாரு. நான் சாப்பிட்டேனான்னு கேட்க அதுக்கு முன்னால யாரும் இருந்ததில்லை."

படிவத்தில் அதை எழுத இடமில்லை. வந்தவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"அவருக்கு நிறுவனத்துலேருந்து ஒரு நன்றிக் கடிதம் அனுப்பணும். பழைய விலாசத்துக்குப் போனது திரும்பி வந்துடுச்சு. புதுசு ஏதாவது தெரியுமா?"

"தெரியுமே, எழுதிக்கோங்க," என்று கதவு எண்ணிலிருந்து நிதானமாகச் சொன்னாள்.

பாதியிலேயே பேனா நின்றது. "இது உங்க விலாசமாச்சே?"

"ஆமாங்க்கா. பெத்த பிள்ளைங்க வீட்டை வித்துட்டு, அவரை ஒரு முதியோர் இல்லத்துல தள்ளிட்டாங்க. எனக்கு மனசு கேட்கலை, போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். லெட்டர் எதுக்கு? முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு, உள்ளே போய் நேர்லயே சொல்லிடுங்க."