ஃபோர்மேனின் மௌனம்

“நகரு” என்றுகூட அவர் சொல்லவில்லை. ஆலயத்தில் பெஞ்சின் ஓரத்தில் நின்று மனைவியைப் பார்த்தார்; அவள் பதறி ஒதுங்கியதும் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

முன் பெஞ்சிலிருந்த தையற்காரர் திரும்பினார். “என்ன ஃபோர்மேன் சார், தொண்டை கட்டிக்கிச்சா? புதன்கிழமையிலேர்ந்து தெருவே நிம்மதியா தூங்குது!”

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பணிமனையில் இயந்திரங்களை மீறிக் கேட்கும் குரல் அவருடையது. குழாய் சொட்டினால் குழாய்க்குத் திட்டு, மழை பெய்தால் மேகத்துக்குத் திட்டு. அப்படிப்பட்டவர் நான்கு நாளாக ஊமையாகிவிட்டார் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்: அந்தக் காலுறை.

சாம்பல் புதன் ஆராதனையில்தான் அது நடந்தது. ஈஸ்டர்வரையான நாற்பது நாள் லெந்து காலத்தில் எதை விட்டுவிடப்போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் பீடத்தின் முன் மண்டியிட்டு ஆண்டவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வரும்படி போதகர் அழைத்தார். தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று பொருத்தனை செய்துவிட்டு அவள் உடனே எழுந்துவிட்டாள். குடியோ புகையோ இனிப்போ தொடாத மனிதர், விடுவதற்கென்று எதுவும் இல்லாதவர், அவர்தான் வெகுநேரம் எழவில்லை.

திரும்பி வந்தவர் மூக்குக்கண்ணாடிக்காக அவளுடைய கைப்பையைத் துழாவினார். கையோடு வந்தது ஒரு காலுறை. அவருடைய கட்டைவிரலுக்கு மட்டுமே பொருந்தக்கூடிய அளவு. புரட்டிப் பார்த்தார். பைக்குள்ளேயே போட்டார். அத்தோடு பேச்சு நின்றது.

அவர்களுடைய ஒரே மகள், அவருக்குக் கீழே வேலை பார்த்த கடைசல்காரனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகிறது. “இனிமே அந்தப் பேச்சை எடுத்தா நீயும் அவ பின்னாடியே போயிடு” என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பெண்கள் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டு அவள் வாராவாரம் பேரனைக் கொஞ்சப் போவது அவருக்குத் தெரியாது. புதன்கிழமைவரை தெரியாது.

இன்றைக்கு நிலைமை இன்னும் முற்றிவிட்டது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்க மகளே ஆலயத்துக்கு வந்து, கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“ஆராதனை முடிஞ்சதும் அப்பா முன்னாடி போய் நிக்கப்போறேம்மா. நடக்கறது நடக்கட்டும்” என்று காலையில் போனில் சொல்லியிருந்தாள். “வேண்டாம்டி” என்று இவள் கெஞ்சியது எடுபடவில்லை. ரோஷத்தில் அப்பனை உரித்து வைத்திருப்பவள். சபை நடுவே அவர் ஒரு வார்த்தை வீசிவிட்டால் போதும். திரும்பிப் போகிறவள் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

பீடத்தில் ஊதாத் துணி போட்டிருந்தது. வழக்கமான பூக்கள் இல்லை. வனாந்தரத்துச் சோதனையைப் பற்றிப் போதகர் பேசியதில் ஒரு சொல்லும் அவள் காதில் ஏறவில்லை.

“நம்முடைய பாவங்களை அமைதியாக அறிக்கையிடுவோம்” என்றார் போதகர்.

சபை முழுவதும் மண்டியிட்டது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் மிஞ்சிய அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது.

அவர் கழுத்து விறைத்தது. தலை மெல்லத் திரும்பியது. பார்த்துவிட்டார். அந்தக் கழுத்தில் நரம்பு புடைப்பதை அவள் கண்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“இங்க பாருங்க, நானே சொல்லிடறேன்” என்று கிசுகிசுத்தாள். “ஜெபக்கூட்டம்னு பொய் சொல்லிட்டு அங்கதான் போயிட்டிருந்தேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். முகம் செங்கல்லாய்ச் சிவந்திருந்தது.

“பேரனா?”

நான்கு நாளுக்குப் பிறகு அவர் உதிர்த்த முதல் வார்த்தை. அவள் தலையசைத்தாள்.

“நாலு நாளா உள்ளயே அடக்கி வெச்சிருந்ததையெல்லாம் அவ தலையில கொட்டிடாதீங்க. பச்சப்புள்ளயோட வந்திருக்கா.”

அவர் வாய் திறந்தது. முன்னால் மண்டியிட்டிருந்த தையற்காரர், இடியை எதிர்பார்க்கிறவர்போலத் தோள்களைக் காதுவரை உயர்த்திக்கொண்டார். இடி விழவில்லை. வாய் மூடியது, மறுபடி திறந்தது, மறுபடி மூடியது. பெஞ்சைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின.

அந்தத் தவிப்பைப் பார்க்க அவளால் முடியவில்லை. “திட்டித்தான் ஆகணும்னா என்னைத் திட்டுங்க. இப்பவே, இங்கயே திட்டிடுங்க. வாங்கிக்கிறேன்.”

கிசுகிசுத்துப் பழக்கமில்லாத அந்தக் குரல், டயரிலிருந்து காற்று இறங்குவதுபோல அவள் காதருகே சீறியது.

“அதைத்தானடி புதன்கிழமை விட்டுத் தொலைச்சேன்! ஈஸ்டருக்குள்ள அவளை வீட்டுக்கு வரச் சொல்லு!”