மருதாணி விரல்

உடம்புக்குள் பொருத்தும் கருவியோடு தோல் வழியே வெளிச்சத்தால் பேச வேண்டும். அதுதான் ஆய்வுக்கூடத்தில் அவர்கள் இருவரின் வேலை. செவ்வேள் அடுத்த அறையில் மைக்கில் பேசுவான். பேச்சு சிவப்பு வெளிச்சமாகித் தில்லைநாயகியின் விரலைக் கடந்து வரும். தோல் குடித்தது போக மிஞ்சிய துளி வெளிச்சத்தைத் திரும்பப் பேச்சாக்குவது அவள் வடிவமைத்த ஆம்ப்ளிஃபயரின் பாடு. மாதக்கணக்கில் அது இரைந்ததே தவிர ஒரு சொல் சொன்னதில்லை. இன்றோ அண்ணன் கல்யாணம் முடிந்து, பத்து விரலுக்கும் மருதாணித் தொப்பியோடு வந்து நிற்கிறாள்.

“போச்சு! இதுக்குள்ள வெளிச்சம் எங்கேங்க போகப்போகுது?” என்றான் செவ்வேள்.

“போகும். சிவப்பு வெளிச்சத்தைச் சிவப்புச் சாயம் தடுக்காது. நீங்க போய்ப் பேசுங்க.”

பிடிவாதமாக ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் பற்றவைத்துவிட்டுச் சிவந்த விரலை நீட்டினாள். ஸ்பீக்கரில் வழக்கமான இரைச்சல். அப்புறம் அதற்குள்ளிருந்து, மெலிசாக, தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் குரல்: “தில்லை... என்னைப் பிடிச்சிருக்கா?”

தினமும் “கேக்குதா, கேக்குதா” என்றுதான் கத்துவான். எதுவும் போய்ச் சேராது என்ற தைரியம் இன்றைக்கு.

விரலை எடுக்காமலே சுவர் அதிரக் கத்தினாள்: “பிடிச்சிருக்கு!”

அங்கே நாற்காலி உருண்டது. கதவில் வெளிறிய முகம் எட்டிப் பார்த்தது.

“எது... சிக்னலா?”

“அதுவும்தான்.”