ஜாமீன் வேண்டாத கடன்

"வீடு சொந்தமா, வாடகையா?"

"வாடகைங்க மேடம். அதுலயும் ரெண்டு மாசம் பாக்கி. வீட்டுக்காரர் மாடிப்படியில என்னைப் பார்த்தாலே இருமுவாரு. அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்."

கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார் லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள், சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

வங்கியின் கல்விக் கடன் அதிகாரி சிரிக்கவில்லை. காலையிலிருந்து இது பதினோராவது குடும்பம். சிரிக்க வேண்டிய இடம், ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் அவளுக்கு எப்போதோ மறந்துவிட்டன. வாய் மட்டும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஓடியது.

"அப்போ அடமானக் கடன் சரிப்படாது. வட்டி கம்மிதான், ஆனா சொத்து வேணும். அடுத்தது ஜாமீன் கடன். நிரந்தர வேலையில இருக்கற சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்ட ஆரம்பிச்சாப் போதும்."

"மச்சான் ஒருத்தன் இருக்கான் மேடம். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

மகள் தலையைத் திருப்பினாள். "நேத்துக்கூட மாமா வந்து சாப்பிட்டுட்டுப் போனாரேப்பா." சொன்ன வேகத்திலேயே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவன் உங்கம்மாவைப் பார்க்க வந்தான். என்னையா பார்க்க வந்தான்?"

அதிகாரி மச்சானை விட்டுவிட்டாள். "சரி, உங்க சம்பளச் சீட்டு இருக்கா?"

"கான்ட்ராக்ட் வேலை மேடம். யார் வீட்டு லிஃப்ட்டாவது கெட்டாத்தான் எங்க வீட்டுல சோறு. போன வருஷம் வண்டிக் கடன்ல மூணு தவணை தவறிடுச்சு. அதையும் குறிச்சுக்குங்க."

கணினியில் அப்படி எதுவும் தென்படவில்லை. பதிவு ஏறத் தாமதமாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். இந்த நாற்காலியில் உட்காருபவர்கள் இருப்பதைக் கூட்டிச் சொல்வார்கள், இல்லாததை மறைப்பார்கள். இந்த மனிதரோ தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொண்டிருந்தார். விவரம் போதாத அப்பா.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டலைன்னா சீட்டு போயிடும்னு இந்த அட்மிஷன் கடிதத்துல இருக்கு. நீங்க இப்படிப் பேசினா நான் என்னன்னு எழுதறது?"

"உள்ளதைத்தானே மேடம் சொல்ல முடியும்?"

"என்ன படிப்பு? கட்டடக் கலையா?"

"ஆமா மேடம். நான் ரிப்பேர் பார்க்கற லிஃப்ட்டுக்கெல்லாம் இனிமே எம்பொண்ணுதான் கட்டடம் கட்டுவான்னு தெரு பூரா சொல்லிட்டேன். இஸ்திரிக்காரர்கூட இப்பல்லாம் இவளை எஞ்ஜினியரம்மான்னுதான் கூப்பிடறாரு."

எஞ்ஜினியரம்மா சுவரில் மாறும் டோக்கன் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் மாறின. முகம் மாறவில்லை.

அந்த முகத்தைப் பார்த்ததும் அதிகாரிக்கு என்னவோ செய்தது. இரக்கம் என்றெல்லாம் சொல்ல முடியாது. மரத்துப்போன காலில் முதல் ஊசி குத்துமே, அதுபோல ஒன்று. யாரும் கேட்காத ஒரு பக்கத்தைத் திரையில் திறந்தாள். மதிப்பெண் பட்டியலை இன்னொரு முறை பார்த்தாள்.

"இருங்க. ஒரு திட்டம் இருக்கு. இந்த மார்க்குக்குக் கிடைக்கும். சொத்து வேண்டாம், ஜாமீன் வேண்டாம், சம்பளச் சீட்டும் வேண்டாம். அட்மிஷன் கடிதம் ஒண்ணே போதும். காலேஜுக்கு போன் போட்டு உறுதி பண்ணிக்கிட்டு, பணத்தை நேரா அவங்களுக்கே அனுப்பிடுவோம்."

இந்த இடத்தில் பெற்றவர்கள் கும்பிடுவார்கள். சிலர் அழுவார்கள். மெக்கானிக்கின் சிரிப்பு, மின்சாரம் போன லிஃப்ட்போல இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது.

"போன் எப்பப் பண்ணுவீங்க மேடம்?" மகளின் குரல் காற்றாக வந்தது.

"இப்பவே. அஞ்சு நிமிஷ வேலைம்மா."

மெக்கானிக் சட்டென்று மதிப்பெண் பட்டியலை எடுத்து மகளிடம் நீட்டினார். "நீ போய் இதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாடா கண்ணு. வாசல்லயே கடை இருக்கு."

அவள் எழுந்தாள். மேசை மேல் கிடந்த கடிதத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தூக்கத்தில் நடப்பவள்போல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

அதிகாரி ரிசீவரை எடுத்தாள். எண்களை அழுத்தும் முன் ஒரு கை வந்து தொலைபேசியின் மேல் படிந்தது. நகக்கண்களில் கிரீஸ் படிந்த கை.

"வேண்டாம் மேடம்." இவ்வளவு நேரம் பேசிய ஆளின் குரலே இல்லை அது. "போன வாரம் அந்தக் காலேஜுல லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டிருந்தாங்க. நோட்டீஸ் போர்டுல லிஸ்ட்டு ஒட்டியிருந்துச்சு. மூணு தடவை படிச்சேன். ஆபீஸ்லயும் போய்க் கேட்டேன். இவ பேரு இல்ல."

அதிகாரி கடிதத்தைப் பார்த்தாள். கல்லூரியின் முத்திரை அச்சு அசலாகத்தான் இருந்தது.

"அவளே கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கா மேடம். எம்மேலதான் தப்பு. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் சொல்லிட்டேன். புள்ளைக்கு இறங்கி வர வழியே இல்லாமப் போச்சு. பத்து நாளா சரியாச் சாப்பிடல. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சிடுவா."

ரிசீவருக்குள் டயல் ஒலி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கையில் இரண்டு நகல்களோடு மகள் வந்துகொண்டிருந்தாள். மெக்கானிக் முகத்தைத் துடைத்துவிட்டுப் பழைய சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கடன் கிடைக்காதுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்... அப்பன்தான் சரியில்லைன்னு சொல்லுங்க."